குழந்தையோடு யார் சாப்பிடுகிறார்கள்?

கயலின் மூக்கில் இப்போது டியூப் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இந்த மாதிரி அனுபவங்களைக் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்த காலத்தில், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். அது நல்லபடியாக இருந்தால்தான் மேலே ஏறிப் படிப்பேன். நீங்களும் இப்போது அப்படி ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் சொல்லிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

நான் கடலூர் முதுநகரில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவன். பத்தாவதோடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் பேசக் கேட்டும், பார்சல் சுற்றி வந்த காகிதம் முதல் கிடைத்ததையெல்லாம் படித்தும் தெரிந்துகொண்டதுதான். யார் என்ன சொன்னாலும் அந்தச் சொல் என் காதில் தங்கிவிடும். ஆகையால் இதில் மருத்துவம் கொஞ்சமாகவும் மனிதர்கள் பேச்சு ஜாஸ்தியாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி அமுதா. எங்களுக்கு ஒரே மகள் கயல், ஆறு வயது. நடக்கப் பழகிக் கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கியவர் சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சியும் சாப்பாட்டுப் பயிற்சியும் கொடுக்கிற ஸ்டெல்லா மேடம்.

"உங்க தையல் மிஷின் சத்தம் உங்களுக்குக் கேக்குதா சார்?" என்று கேட்டார்.

"பழகிப்போச்சு மேடம். கேக்கறதில்ல."

"அவளுக்குப் பழகாது. தினமும் மொத நாள் மாதிரியே கேக்கும். சத்தம் மட்டும் இல்ல, வாசனை, வெளிச்சம், வாயில படற பொருள் எல்லாமே அப்படித்தான்."

அதற்குப் பிறகு எனக்கு அவள்மேல் கோபம் வந்தது குறைந்தது. முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கயல் சாப்பிட்டதெல்லாம் மொறுமொறுப்பானவை. ஒரே கம்பெனியின் வட்ட பிஸ்கட், உருளைக்கிழங்கு சிப்ஸ், ஓரம் முறுகின தோசை. நீல டம்ளரில் பால். வேறு டம்ளரில் ஊற்றினால் அது பால் இல்லை. சோறு மட்டும் எந்தக் காலத்திலும் இல்லை. விரலில் ஒட்டுகிற எதையும் அவள் தொட மாட்டாள், ஒரு பருக்கை கையில் பட்டுவிட்டால் அதை உதறி உதறித் தோளே இறங்கிவிடும். எங்கள் பக்கம் சோறு தின்னாத பிள்ளை என்றால் எதுவுமே தின்னாத பிள்ளை என்றுதான் கணக்கு. சொந்தக்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரெண்டு அடி போடு என்பார் ஒருவர். பட்டினி போடு, பசித்தால் தானாக வரும் என்பார் இன்னொருவர். எல்லாப் பிள்ளையும் பசித்தால் வராது. சில பிள்ளைகள் பசியைவிடச் சாப்பாட்டுக்கு அதிகம் பயப்படும். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

மேடம் என் கைப்பேசியை வாங்கி அதில் ஓர் ஆப்பை இறக்கிக் கொடுத்தார். சாப்பிட மறுக்கிற ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே செய்தது. தமிழிலும் இருந்தது. ஆனால் அது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிற தமிழ். "உங்கள் குழந்தை உணவை ஆராய்வதற்கு இடமளியுங்கள்" என்றது. கீழே ப்ரோக்கோலி படம்.

"இது என்னாங்க, மரத்த சின்னதா வெட்டித் தட்டுல நட்ட மாதிரி இருக்குது" என்றாள் அமுதா.

சிரித்தோமே தவிர, அதில் விஷயம் இருந்தது. ஒரு புது உணவைப் பிள்ளையின் வாய்க்குள் போடுவது கடைசிப் படி என்று அது சொன்னது. அதற்குக் கீழே நிறையப் படிகள். அந்த உணவு இருக்கிற அறையில் அழாமல் இருப்பது ஒரு படி. தட்டில் பக்கத்தில் வைத்தால் தள்ளாமல் இருப்பது ஒரு படி. பிறகு தொடுவது, முகர்வது, நக்குவது, கடித்துத் துப்புவது. துப்பினாலும் அது முன்னேற்றம்தான் என்று போட்டிருந்தது. அமுதாவுக்கு அதை நம்ப முடியவில்லை. "துப்பறதுக்குப் போயி ஸ்டார் குடுக்குறானே" என்றாள். தினமும் என்ன சாப்பிட்டாள், என்ன தொட்டாள் என்று பதிய வேண்டும். சின்னச் சின்ன வீடியோக்கள் வரும். இதே கஷ்டத்தில் இருக்கிற மற்றப் பெற்றோரோடு எழுதிப் பேசவும் இடம் இருந்தது. பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தர், "எங்க பையன் இன்னைக்கு இட்லியை உத்துப் பாத்தான்" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து அமுதா அழுதாள். ஊரில் வேறு யாரிடம் போய் இதைச் சந்தோஷமாகச் சொல்ல முடியும்?

சாப்பாட்டு நேரத்துக்கு அந்த ஆப் மணி அடிக்கும். அந்த மணி கேட்டாலே கயல் கட்டிலுக்கடியில் போய்விடுவாள் என்று தெரிந்ததும் மணியை நிறுத்தினோம். வாரத்துக்கு ஒரு தரம் ஒரு கேள்வி வரும். "குழந்தையோடு யார் சாப்பிடுகிறார்கள்?" கீழே அம்மா, அப்பா, உடன்பிறந்தோர் என்று கட்டங்கள். அதை மட்டும் தாண்டிவிட்டுப் போவோம். எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

இப்படியே கொஞ்ச காலம் போனது. ஓரளவு நல்லபடியாகவே போனது என்று சொல்லலாம். அப்புறம் மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டையில் புண் வந்து காய்ச்சல் அடித்தது. வாந்தி எடுத்தாள். அதே வாரத்தில் அந்த பிஸ்கட் கம்பெனிக்காரன் உறையின் நிறத்தை மாற்றிவிட்டான். பழைய உறை இருக்குமா என்று நான் கடை கடையாகப் போய்க் கேட்டேன். "பிஸ்கட் ஒண்ணுதானேப்பா, கவர்தானே மாறிக்கிது" என்றார் ஒரு கடைக்காரர். கயலுக்கு உறை மாறினால் அது வேறு பிஸ்கட். காய்ச்சல் விட்டது, சாப்பாடு திரும்பவில்லை. சிப்ஸ் போனது, தோசை போனது, கடைசியில் நீல டம்ளரும் போனது.

அமுதா வழக்கம்போல அதை ஆப்பில் பதிந்தாள். உடனே திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. தண்ணீர், பால் குடிப்பதும் நின்றுவிட்டால் இந்த ஆப்பை மூடிவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள் என்று அதில் இருந்தது. எனக்கு அந்த ஆப்பின் மேல் மரியாதை வந்தது அப்போதுதான். தன்னை மூடச் சொல்கிற பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடலூரில் காட்டினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிள்ளை கண்ணைத் திறக்கவே சோம்பினாள். சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், அங்கே பிள்ளைகள் வார்டு பெரிது என்று சொன்னார்கள். அமுதாவின் அண்ணன் சேகர், என் மச்சான், குடிகாட்டில் இருக்கிறார். அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன் போட்டதும் யூனிபார்மோடு ஒரு நண்பரின் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எந்நேரமும் கிண்டல் பேசுகிறவர் வழியெல்லாம் வாய் திறக்காமல் வண்டி ஓட்டியது எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி நாட்களில் முதலில் போவது நேரம். எந்தக் கிழமை என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை, கை, கால், கடைசியில் நெற்றிப்பக்கம் என்று தேடினார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது, உப்புச் சத்துகளும் குறைந்திருந்தன. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு ஏற்றினால் அந்த உப்புகள் இன்னும் குலைந்து இதயத்துக்கே ஆபத்தாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம் என்றார் டாக்டர். நல்ல பொறுமைசாலி அவர். கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். புண் ஆறியிருந்தது. விழுங்குவதில் கோளாறு இல்லை.

"அப்ப ஏன் சார் சாப்பிட மாட்டேங்குறா?" என்று கேட்டேன்.

"தொண்டை ஆறிடுச்சு. பயம் ஆறல. விழுங்குனா வலிக்கும்னு மூளை எழுதி வெச்சிடுச்சு. இது அடம் இல்ல, இதுக்குப் பேரே இருக்கு" என்று ஆங்கில எழுத்துகளாக ஒரு பெயர் சொன்னார். உணவைத் தவிர்க்கிற கோளாறு, உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணத்தால் வருவது அல்ல, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கலாம் என்று விளக்கினார். பெயர் இருக்கிறது என்று கேட்டதும் அமுதாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதுவரை வளர்ப்பு சரியில்லை என்று அந்த வியாதிக்கு அமுதாவின் பெயரைத்தான் சொந்தக்காரர்கள் வைத்திருந்தார்கள்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு டியூப் போட்டார்கள். அதில் சத்துப் பால் போகும். போடும்போது நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். கயல் அதைப் பிடுங்கினாள். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினாள். கையில் துணிப் பை மாதிரி கட்டினார்கள். பல்லால் அவிழ்த்துப் பிடுங்கினாள். பக்கத்துக் கட்டிலில் புவனகிரியிலிருந்து லட்சுமி அக்கா, தன் பேத்திக்கு நிமோனியா என்று வந்திருந்தார். "உம் பொண்ணு படுக்கையில கெடந்துக்கினே இவ்ளோ வேல பாக்குதே, எழுந்தா ஊரயே பேத்துடும் போலக்கீதே" என்றார். அந்த வார்டில் என்னைச் சிரிக்க வைத்த முதல் பேச்சு அது. அவர்தான் எங்களுக்கு வெந்நீர் பிடித்து வைப்பார், நாங்கள் மருந்து வாங்கப் போனால் பாட்டில் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வார். செலவைப் பற்றி நிறையச் சொல்ல விரும்பவில்லை. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் தாங்கியது, தாங்காததை மச்சான் எனக்குச் சொல்லாமல் தாங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் என்னையும் அமுதாவையும் தனியாகக் கூப்பிட்டார். மூக்கு டியூப் நிற்கவில்லை, இப்படியே விட முடியாது என்றார். "திங்கக்கெழம சர்ஜரி டாக்டர் வந்து பாப்பாரு. வயித்துல சின்னதா தொளை போட்டு அங்கயே ஒரு டியூப் வெக்கலாம். பயப்படற விஷயம் இல்ல, எத்தனையோ பிள்ளைங்க அதோட நல்லா இருக்காங்க. ஆனா அதுக்கு முன்னாடி வாய் வழியா ஏதாவது, கொஞ்சமா ஆரம்பிச்சாலும், டியூப்பப் பிடுங்காம இருந்தாலும், நாம காத்திருக்கலாம்."

அவர் சொன்னது நியாயம். வயிற்று டியூப் வைத்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அது தோல்வி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு வராந்தாவில் நின்ற எங்களுக்குக் கத்தி மட்டும்தான் காதில் விழுந்தது. மயக்க மருந்து, அந்தத் தேய்ந்த உடம்பு, பிறகு வயிற்றிலிருந்தும் பிடுங்கினால்? திங்கட்கிழமைக்குள் அவள் வாயில் ஏதாவது படவேண்டும். எங்களுக்கு வேறு எண்ணமே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா மேடம் வார்டுக்கு வந்தார். வந்ததும் கதவோரம் நின்று பார்த்தார். கயலைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். அமுதா கையில் கிண்ணம். நான் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். லட்சுமி அக்காவும் எழுந்து வந்திருந்தார். எல்லோரும் ஒரே குரலில் "ஒரு வாய்டா தங்கம், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம். கயல் முகத்தைத் தலையணைக்குள் புதைத்திருந்தாள்.

மேடம் மெல்ல வந்து, "நீங்கள்லாம் சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

"அவ சாப்பிடாம எங்களுக்கு எப்பிடி மேடம் எறங்கும்?" என்றாள் அமுதா.

"வீட்டுல?"

"வீட்டுலயும் அவளுக்கு மொதல்ல குடுத்துப் பாத்துட்டுத்தான். இவரு கடையில சாப்பிடுவாரு. நான் எல்லா வேலையும் முடிச்சுட்டு அடுப்பாங்கரையில நின்னுக்கினே ரெண்டு வாய் போட்டுக்குவேன்."

மேடம் அமுதாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். "யாராவது சாப்பிடறத கயல் எப்பவாவது பாத்திருக்காளா?"

நான் யோசித்தேன். அமுதாவும் யோசித்தாள். மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட, பிள்ளை பார்த்தால் கண்படும், பாவம் அது தின்னாமல் இருக்கும்போது நாம் எப்படித் தின்பது என்று உள்ளறையில் இலை போடுவோம். ஆறு வருடமாக அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டை அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறோம். அவளுக்குச் சாப்பாடு என்றால், எல்லாப் பெரியவர்களும் சுற்றி நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு மட்டும் செய்கிற ஒரு காரியம். ஊசி போடுவது மாதிரி.

மேடம் என் கைப்பேசியைக் கேட்டார். அந்த வாரக் கேள்வி பதில் இல்லாமல் நின்றிருந்தது. "இத ஏன் சார் கேக்கறாங்கன்னு நெனைச்சீங்க?" என்றார். அதை அழுத்தினால் ஒரு வீடியோ வந்தது. பெரிய மேசை, பூச்சாடி, வெள்ளைக்காரக் குடும்பம். எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். பிள்ளை ஓரமாக ஒரு கேரட்டை உருட்டுகிறது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் முன்பு ஒருதரம் அந்த வீடியோவை ஆரம்பித்து அந்த மேசையைப் பார்த்ததும் நமக்கில்லை என்று மூடியிருக்கிறோம்.

"நாளைக்கு அவகிட்ட எதையும் நீட்டாதீங்க. கெஞ்சாதீங்க. டியூப்ல பால் போறது போவட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து, நீங்க சாப்பிடுங்க. பசியோட, நல்லா சாப்பிடுங்க. அவளப் பாக்காதீங்க. முக்கியமா அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அமுதா தலையாட்டினாள். மேடம் படியிறங்கினதும், "என்னால முடியாது" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. சேர்த்த அன்றைக்கு மருந்து வாங்கப் போனவள், ஆட்டோவில் தில்லைக் காளி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கயல் ஒரு வாய் சோறு முழுங்குகிறவரை தானும் சோறு தொடுவதில்லை என்று. நான் வாங்கி வந்த பொட்டலங்களை லட்சுமி அக்காவிடம் தள்ளிவிட்டு டீயிலும் பன்னிலும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைத் தூக்கமில்லாததால் என்று நினைத்திருந்தேன்.

"சரி, பன்னையே அவ எதுர்ல தின்னு" என்றேன்.

"அது எறங்கினாத்தானே? பாதி பன்ன ஒரு நாளு பூரா வெச்சிக்கினு இருக்கேன். பசியோட தின்னுனு சொல்லிட்டுப் போறாங்க. சோறு சோறுனு இருக்குது வயிறு, வேற எது மேலயும் பசியில்ல."

முதலில் நானே முயன்று பார்த்தேன். சாயங்காலம் கயல் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றேன். ஒவ்வொரு வாய்க்கும் ஓரக்கண்ணால் அவளைத்தான் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே நின்றிருந்த அம்மாவைத்தான் பார்த்தாள். அமுதா காய்ந்த வாயோடு எங்கள் இருவரையும் வெறித்துக்கொண்டு நின்றாள். கயல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைக்கு எல்லாக் காரியத்துக்கும் அம்மா முகம்தான். செருப்பு போடுவதற்கும் குளிப்பதற்கும் அம்மா முகத்தைப் பார்த்துத்தான் அது ஆபத்தா இல்லையா என்று தெரிந்துகொள்வாள்.

"அமுதா, சாமி கோச்சிக்காது" என்றேன்.

"நீங்க ஆப்ப நம்புங்க. நான் ஆத்தாள நம்புறேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சி இழுத்தாத்தான் இந்தப் புள்ள மேல வரும்."

"ரெண்டு பேரும் எதிரெதிரா இழுக்கறோமேடி."

"நான் வாக்குக் குடுத்துட்டேங்க. இப்ப தின்னுட்டு, திங்கக்கெழம அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா? காலம்பூரா அந்தச் சோறு என் தொண்டையிலயே நிக்காதா?"

பயந்தவளிடம் என்ன நியாயம் பேசுவது? அவளும் பயம் ஆறாதவள்தான். வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆப்பில் இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றுகூடத் தேடினேன். அம்மா விரதம் இருந்தால் என்ன செய்வது என்று அந்த ஆப்பைச் செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு காலை மச்சான் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தார். கம்பெனி கேன்டீனில் சோற்றுக்கு இவர் வரிசையில் வந்தாலே பரிமாறுகிறவர் பெரிய கரண்டியை எடுப்பாராம். நான் விஷயத்தைச் சொன்னதும், கயலின் கட்டிலோரம் இருந்த தங்கையிடம் போய் நின்றார்.

"வேண்டுதல வுடக் கூடாதுனுதானே சொல்ற?"

"ஆமாண்ணா."

"வுடாத. எங்கிட்டக் குடு."

"என்னாது?"

"எம் மடியில வெச்சித்தானே இதுக்குக் காது குத்துனீங்க? அப்ப அழுத அழுகையில எஞ் சட்ட பூரா நனைஞ்சிச்சு. தாய்மாமன் அதுக்கு மடி குடுக்கலாம், இதுக்கு வயிறு குடுக்கக் கூடாதா? எழுந்திரு. கோயிலுக்குப் போயி சொல்லிட்டு வந்துடுவோம். இனிமே இவ சோறு தின்ற வரைக்கும் நான் தின்னல. நீ தின்னு."

"ஒன்னால முடியாதுண்ணா" என்றாள் அமுதா. அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

லட்சுமி அக்கா கட்டிலில் இருந்தபடியே, "அண்ணங்காரன் ஏத்துக்கலாம்மா. எங்க ஊர்ல தங்கச்சி வேண்டுன காவடிய அண்ணன் எடுத்துக்கிறான், யாரு கேட்டது? ஆனா இந்த ஆளப் பாத்தா சாமியே நம்பாது, அதாங் கவலை" என்றார்.

"நீங்க ஒருத்தர் போதும்கா, என்னத் தூக்கி நிறுத்த" என்றார் மச்சான்.

இருவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். கோயிலில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. திரும்பி வரும்போது அமுதாவின் நெற்றியில் குங்குமம், மச்சான் கையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் வாங்கின சாப்பாட்டுப் பார்சல். அவர் அதைக் கையை நீட்டி, முகத்தைத் தூரமாகத் திருப்பி வைத்துக்கொண்டு தூக்கி வந்தார்.

கட்டிலின் மேலேயே, கயலின் காலடிக்கு எதிரே, அமுதா சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையை விரித்தாள். சாம்பாரை ஊற்றிப் பிசைந்தாள். முதல் வாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு அவ்வளவு பசி இருந்திருக்கிறது. மேடம் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்து நடிப்பாள் என்று நினைத்தேன். நடிக்க அவளுக்கு நேரமே இல்லை. குனிந்த தலை நிமிரவில்லை. ரசம் முழங்கை வரை ஓடியது, அதைப் புறங்கையால் துடைத்தாள். கயல் இருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டாள். இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தது அதுதான் முதல் தரம். நானும் மச்சானும் லட்சுமி அக்காவும் அமுதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கயலும் பார்த்தாள். தலையணையிலிருந்து முகம் வெளியே வந்தது. அம்மா மெல்லுவதை, விழுங்குவதை, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அப்பளத்தை அமுதா ஒடித்தபோது சத்தம் கேட்டது. கயலின் கழுத்து நீண்டது. துணி கட்டின கையை நீட்டி இலை ஓரத்தைத் தொட்டாள். நான் மெதுவாகப் போய் அந்தத் துணியை அவிழ்த்தேன். டியூப்பைப் பிடுங்கப் போகிறாள் என்று நர்ஸ் ஓரடி எடுத்து வைத்தார். அவள் பிடுங்கவில்லை. அப்பளத் துண்டை எடுத்து நொறுக்கினாள். இன்னொரு துண்டை நொறுக்கினாள். விரலை முகர்ந்தாள். பிறகு விரலில் இருந்த உப்பை நக்கினாள்.

ஒருவரும் கத்தவில்லை. லட்சுமி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணீரா சாம்பார் வாசனையா என்று தெரியாது. அமுதா மட்டும் எதையும் பார்க்கவில்லை. மோர்ச் சோற்றுக்கு இலையில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சர்ஜரி டாக்டர் வந்து பார்த்தார். அதற்குள் கயல் இன்னொரு அப்பளத்தின் ஓரத்தைக் கடித்து, கொஞ்சத்தை விழுங்கி, மிச்சத்தைத் துப்பியிருந்தாள். டியூப் மூக்கிலேயே இருந்தது. இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டு, இப்போதைக்கு வேண்டாம், பார்க்கலாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூக்கு டியூப்போடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் எப்படி விடுவது, டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று நர்ஸ் எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார். அந்த டியூப் எங்களோடு பல வாரம் முதுநகரில் இருந்தது. தெருவில் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது, பேச்சுப் பிடிக்கிற எனக்கே. பிறகு ஒருநாள் சிதம்பரத்தில் எடை பார்த்துவிட்டு எடுத்தார்கள்.

இப்போது நான் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். தரையில் பாய் போட்டு மூன்று பேரும் உட்காருகிறோம். கயல் தட்டில் அவளுடைய சிப்ஸ், தோசை, அப்பளம். கூடவே வறுத்த கடலையும் சேர்ந்திருக்கிறது. எங்கள் தட்டில் எங்கள் சோறு. ஆப் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. அது சாமியும் இல்லை, டாக்டரும் இல்லை. எங்கள் பழக்கத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டது. உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால், நீங்கள் தாண்டிப் போகிற கேள்வியை ஒருதரம் நின்று பாருங்கள். நல்ல நாளும் வரும், தட்டு பறக்கிற நாளும் வரும். களைப்பு போகவில்லை. அது போகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

மச்சான் இன்னும் சோறு தொடவில்லை. பரோட்டா, சப்பாத்தி, இட்லி என்று ஓடுகிறது. கேன்டீனில் அந்தப் பெரிய கரண்டி துருப்பிடிக்கிறதாம். லீவு நாளென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து, பாயில் நாலாவது ஆளாக உட்கார்ந்து, பரோட்டாவைப் பிய்த்தபடி எங்கள் சோற்றையே பார்ப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை கயல் அமுதாவின் தட்டிலிருந்து ஒரே ஒரு பருக்கையை விரல் நுனியில் ஒட்டி எடுத்தாள். உதறவில்லை. வெகுநேரம் பார்த்தாள். வாயில் வைத்தாள். நாக்கால் உருட்டினாள். பிறகு தூவென்று துப்பினாள், அது மச்சானின் பரோட்டாவில் போய் விழுந்தது.

மச்சான் அந்தப் பருக்கையைப் பார்த்தார். அமுதாவைப் பார்த்தார்.

"எம்மா, இது கணக்குல வருமா?"

"வராதுண்ணா" என்றாள் அமுதா. தலையை நிமிர்த்தாமல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.